கொசுப்புழுவைத் தின்னும் பொட்டு மீன்
வயலிலும் கிணற்றிலும் காப்பது எப்படி?

சம்பா நடவு முடிந்து வயலில் நீர் நிற்கத் தொடங்கியதும் கொசுத் தொல்லையும் கூடவே வந்துவிடுகிறது. களையெடுப்பும் மேலுரமிடுதலும் அடுத்தடுத்து வரும் அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் சிறு விவசாயிக்கு அது இரட்டை நஷ்டம். மருத்துவச் செலவு ஒரு பக்கம், ஆள் கூலி மறு பக்கம். குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் கண்டுவிட்டால் இழப்பைக் கணக்கிடவே முடியாது. இந்தக் கொசுக்களில் ஒரு பகுதியை, அவை புழுவாக நீரில் இருக்கும்போதே தின்று தீர்க்கும் சிறு மீன் ஒன்று நம் வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் இருக்கிறது. விவசாயிகள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. தெரியாமலே மருந்தடித்துக் கொன்றும் விடுகிறார்கள்.

கில்லி மீன் இனம்

உலகெங்கும் நன்னீரிலும், உப்பும் நன்னீரும் கலந்த கழிமுக நீரிலும் வாழும் சிறு மீன் கூட்டம் ஒன்றுக்கு ‘கில்லி மீன்’ என்று பெயர். கொல்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. டச்சு மொழியில் ‘கில்’ என்றால் சிற்றோடை. ஓடை மீன் என்பதே இதன் பொருள். 1,200-க்கும் மேற்பட்ட வகைகள் இக்கூட்டத்தில் உள்ளன. இவற்றில் ஒன்றான அமெரிக்கக் கடற்கரைக் கழிமுக மீனை 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கே கொண்டு சென்றனர். விண்வெளிக்குச் சென்ற முதல் மீன் அதுதான்.

நம் நாட்டில் காணப்படும் கில்லி மீன்கள் ‘அப்லோகைலஸ்’ என்ற இனத்தைச் சேர்ந்தவை. அப்லோகைலஸ் பஞ்சாக்ஸ் என்ற வகையை 1822-இல் ஹாமில்டன் என்ற அறிஞர் கங்கைப் பகுதி மீன்களை ஆராய்ந்து எழுதிய நூலில் விவரித்தார். இது ஆறு, குளம், வாய்க்காலிலும், கடலோர உவர் நீரிலும் வாழும். அப்லோகைலஸ் லீனியேட்டஸ் என்பது தென்னிந்தியாவில் காணப்படும் பெரிய வகை, 10 செ.மீ. வரை வளரும். அப்லோகைலஸ் பிளாக்கி என்பது சிறியது. சுமார் 5 செ.மீ. நீளமே இருக்கும். இலங்கையிலும் இந்த இனத்து மீன்கள் உண்டு.

இவை அனைத்துக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. தலையின் உச்சியில் வெள்ளியை உருக்கி வைத்தாற்போல் ஒரு பளபளப்பான பொட்டு இருக்கும். கரையில் நின்று மேலிருந்து பார்த்தால் மீன் தெரியாவிட்டாலும் இந்தப் பொட்டு மின்னுவது தெரியும். வங்காளத்தில் இதை ‘மூன்று கண்ணுடையது’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். கேரளத்தில் வானத்தைப் பார்க்கும் கண்ணுடையது என்ற பொருளில் ‘மானத்துக்கண்ணி’ என்பார்கள். நம்மிடம் ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் இக்கட்டுரையில் ‘பொட்டு மீன்’ என்றே குறிப்பிடப்படுகிறது.

உடலமைப்பே வேலையைச் சொல்லும்

பொட்டு மீனின் தலை மேல்புறம் தட்டையாக இருக்கும். வாய் மேல்நோக்கித் திறக்கும். முதுகுத் துடுப்பு வாலுக்கு அருகில், வெகு பின்னால் அமைந்திருக்கும். நீரின் மேல்மட்டத்தை ஒட்டியே நீந்தி, அங்குள்ளதைக் கவ்வித் தின்பதற்கு ஏற்ற அமைப்பு இது. கொசுப்புழுக்களும் மூச்சு விடுவதற்கு நீரின் மேல்மட்டத்துக்குத்தான் வந்தாக வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தபடி கிடக்கும். கியூலெக்ஸ் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இரண்டுமே பொட்டு மீனின் வாய்க்கு எட்டும் இடத்தில்தான் உள்ளன. நீரில் தவறி விழும் எறும்பு, சிறு வண்டு, தத்துப்பூச்சி போன்றவற்றையும் இம்மீன் விடுவதில்லை. கெண்டை மீன்களில் பல, நீரின் நடுவிலோ அடியிலோ இரை தேடுபவை. ஆதலால் அவை இருக்கும் குளத்திலும் கரையோரத்தில் கொசுப்புழு தப்பி வளர்ந்துவிடும்.

வயலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு

நெல் வயலில் பெருகும் கொசுக்களில் முக்கியமானது கியூலெக்ஸ் ட்ரைட்டினியோரிங்கஸ் என்ற வகை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது இதுவே. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் உள்ள நோய்க்கிருமியை இக்கொசு மனிதருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல், வேலூரில்தான். நட்ட பயிர் தூர்கட்டி நிழல் மூடும் வரையுள்ள முதல் சில வாரங்களில் வயல் நீரில் இக்கொசுவின் புழுக்கள் மிகுதியாக இருக்கும். பயிர் அடர்ந்த பிறகு குறைந்துவிடும். எனவே கவனம் செலுத்த வேண்டிய காலம் நடவுக்குப் பின் வரும் அந்த வாரங்களே.

மருந்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேரியாவின் வரலாறு சான்று. டி.டி.டி. தெளிப்பால் 1965-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இந்நோய் குறைந்தது. 1976-இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. கொசுக்கள் மருந்துக்குப் பழகிப்போனது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தன்னைத் தின்னும் மீனுக்குக் கொசுப்புழு பழகிக்கொள்ள முடியாது.

கொசுவின் காலக்கணக்கு

வெப்பமான காலத்தில் கொசு முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். புழுப்பருவம் 5 முதல் 7 நாட்கள். கூட்டுப்புழுப் பருவம் சுமார் 2 நாட்கள். ஆக, வயலில் தொடர்ந்து 7 முதல் 10 நாட்கள் நீர் நின்றாலே ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும். இந்தக் கணக்கை விவசாயி உடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீரை இடையிடையே வற்றவிடுவது. மற்றொன்று, நீர் நிற்கும்போது புழுவைத் தின்ன மீன் இருக்கச் செய்வது.

முதல் வழி விவசாயிகளுக்குப் புதியதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதுதான் அது. கட்டிய நீர் மறைந்து, மண்ணில் மயிரிழை போல் வெடிப்பு தோன்றும் தறுவாயில் மறுபடி நீர் பாய்ச்சினால் பயிருக்கும் நல்லது, தண்ணீரும் மிச்சம், கொசுப்புழுவும் சாகும். பூக்கும் தருணத்தில் மட்டும் பயிரைக் காயவிடக் கூடாது. மதுரைப் பகுதியில் நடந்து 1992-இல் வெளியான வயல் ஆய்வில், வேம்புப் பொருட்களை இடுவதோடு இவ்வாறு நீரை நிர்வகிப்பதும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. நெல் வயல் கொசுப்புழுக்களைக் கட்டுப்படுத்த இவை கைகொடுக்கும் என்பது தெரிந்தது. ஆகவே யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கு கலந்து இடும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

மீனுக்கு ஒதுங்கு குழி

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நீரை வற்றவிட்டால் மீன் என்ன ஆகும்?

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் மழைக்காலக் குட்டைகளில் வாழும் சில கில்லி மீன்கள் உண்டு. குட்டை வற்றியதும் மீன்கள் இறந்துபோகும். ஆனால் சேற்றில் இட்ட முட்டைகள் விதை நெல்லைப் போல மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அவற்றுள் ஒரு வகை, பொரித்த இரண்டே வாரத்தில் முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும். நம் பொட்டு மீனுக்கு இவ்வாறு உலர்ந்த மண்ணில் காத்துக் கிடக்கும் ஆற்றல் கிடையாது. வயல் முழுவதும் காய்ந்தால் மீனும் அதோடு போயிற்று. எனவே மீன் ஒதுங்கச் சிறு குழி அவசியம்.

வயலின் தாழ்வான மூலையில், வடிமடைக்கு அருகே, 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 75 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுக்க வேண்டும். இதற்குப் போகும் நிலம் ஒரு சென்டில் இருபதில் ஒரு பங்குதான். குழியிலிருந்து வரப்பையொட்டி ஒரு முழ அகலத்தில் சிறு வாய்க்கால் ஒன்றை வயலுக்குள் கொண்டு செல்ல வேண்டும். நீர் வற்றும்போது மீன்கள் இந்த வாய்க்கால் வழியே குழிக்கு வந்து சேரும். மறுபடி நீர் பாய்ச்சியதும் வயலில் பரவும். கொக்கும் மீன்கொத்தியும் கொத்திப் போகாமலிருக்கக் குழியின் பாதி மேல் தென்னங்கீற்றோ பனை ஓலையோ போட்டு வைக்கலாம். மணற்பாங்கான நிலத்தில் குழியில் நீர் நிற்காது. அங்கு இம்முறை பயன்படாது.

வயலைச் சமமாகப் பரம்படித்தல் மிக முக்கியம். நீர் வற்றிய பிறகு குளம்படிக் குழிகளிலும் மேடுபள்ளங்களிலும் தேங்கும் சிறு நீரில் மீன் புக முடியாது. கொசுப்புழு மட்டும் பிழைத்திருக்கும்.

எப்போது, எத்தனை விடுவது?

கொசுப்புழுவைத் தின்னும் மீன்களைத் தொட்டி, கிணறுகளில் விடும்போது ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு 5 மீன் என்ற கணக்கு போதுமானது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் இருந்தால் 10 மீன் போதும். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றின் நீர்ப்பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். அதற்கு 140 மீன் வேண்டும். குடிநீர்க் கிணறானால் ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கலந்துகொண்டு விடுவது நல்லது.

ஒரு ஏக்கர் வயலுக்கு இதே கணக்கைப் போட்டால் 20,000 மீன் ஆகும். அவ்வளவு மீனுக்கு யாரும் அலைய வேண்டியதில்லை. வயலில் செய்ய வேண்டியது, மீனைக் கொண்டுவந்து கொட்டுவதல்ல. வாய்க்காலிலிருந்து தானாக வரும் மீனைத் தங்க வைப்பது. ஒதுங்கு குழியில் தொடக்கமாக 100 மீன் விட்டு, வாய்மடையில் மீன் புகும்படி வழிவிட்டால் போதும். நடவு முடிந்து சுமார் 10 நாட்கள் கழித்து, களைக்கொல்லி இட்டிருந்தால் அதன் வேகம் தணிந்த பிறகு, மீனை விட வேண்டும். யூரியா இட்ட அன்று விடக் கூடாது.

மீனை அதே ஆற்று வடிநிலத்திலுள்ள வாய்க்கால், குட்டையிலிருந்தே பிடிக்க வேண்டும். வெயில் ஏறும் முன், பழைய வேட்டித் துணியையோ கொசுவலைத் துண்டையோ இருவர் பிடித்துக்கொண்டு கரையோரப் புல்லடியில் அரித்தால் கிடைக்கும். விரால், கெளுத்திக் குஞ்சுகள் சேர்ந்து வந்தால் பிரித்துவிட வேண்டும். அவை பொட்டு மீனையே தின்றுவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் பாதியளவு நீரில் வைத்து, ஈரத்துணியால் மூடி எடுத்துச் செல்ல வேண்டும். இம்மீன் நன்றாகத் துள்ளும்; மூடாவிட்டால் பாதி வழியிலேயே குதித்துவிடும். விடும் இடத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திரத்தில் கலந்து, அரைமணி நேரம் கழித்து விடுவது நல்லது. கடைமடைப் பகுதிகளில் உவர் நீருக்கு மாற்றும்போது இன்னும் நிதானமாகப் பழக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

வீட்டிலேயே பெருக்கலாம்

நிழலான இடத்தில் ஒரு சிமென்ட் தொட்டி இருந்தால் போதும். ஓர் ஆண் மீனுக்கு இரண்டு பெண் மீன் என்ற விகிதத்தில் விடலாம். ஆண் மீன் கூடுதல் நிறமும் நீண்ட துடுப்பும் உடையது. தொட்டியில் வேலம்பாசி போட வேண்டும். பொட்டு மீன் குட்டி போடாது. ஒரேயடியாக முட்டையிட்டு முடிப்பதும் இல்லை. நாள்தோறும் சில முட்டைகளாகப் பாசியில் ஒட்டி வைக்கும். தாய் மீன்கள் குஞ்சுகளைத் தின்னக்கூடும். ஆகையால் வாரம் ஒருமுறை முட்டை ஒட்டிய பாசியை எடுத்து வேறொரு பாத்திரத்தில் போட்டுவிட்டு, தொட்டியில் புதுப் பாசி போட வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். பச்சை பிடித்த குட்டை நீரில் உள்ள நுண்ணுயிர்களே குஞ்சுகளுக்கு முதல் உணவு. தொட்டியின் மேல் வலை கட்ட மறக்கக் கூடாது.

மருந்தடிக்கும் முன் ஒரு நிமிடம்

வயலிலிருந்து இம்மீன் மறைந்துபோக முதற்காரணம் பூச்சிமருந்து. மீனுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பான் 2011-இல் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளும் மீனை மிகச் சிறிய அளவிலேயே கொல்லக்கூடியவை. அதோடு, இவற்றை நெல்லில் அடித்தால் புகையான் குறைவதற்குப் பதில் பெருகிவிடும். ஆகவே மீனுக்காக மட்டுமல்ல, பயிருக்காகவும் இவற்றை நெல் வயலில் தவிர்க்க வேண்டும்.

பூச்சியைக் கண்டவுடன் தெளிப்பானைத் தூக்க வேண்டாம். தண்டுத் துளைப்பானால் குருத்துக் காய்வது 10 சதவீதம், தூர்ப் பருவத்தில் இலைச் சுருட்டுப்புழுவின் சேதம் 10 சதவீதம், புகையான் தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டினால்தான் மருந்து தேவை. சிலந்திகள் குத்துக்கு ஒன்று வீதம் இருந்தால், புகையான் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தொடக்கத்தில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது நலம்.

மருந்தடித்தே ஆக வேண்டுமென்றால் முதல்நாளே வயல் நீரை மெல்ல வடித்து, மீன்கள் குழிக்குள் சேர்ந்ததும் குழியைச் சுற்றி மண் அணைத்து, ஓலையால் முழுவதும் மூடிவிட வேண்டும். குழியின் அருகே தெளிக்கக் கூடாது. சில நாட்கள் கழித்துப் புது நீர் பாய்ச்சிய பின் அணையை வெட்டிவிடலாம். மருந்தடித்த வயல் நீரை வாய்க்காலில் வடிப்பதும், தெளிப்பானைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவுவதும் அறவே கூடாது. அது கீழ்மடைக்காரரின் மீனை மட்டுமல்ல, மாட்டையும் பாதிக்கும்.

கம்பூசியா வேண்டாம்

கொசுவை ஒழிக்க மீன் என்றதும் கம்பூசியாவைக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1928-இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குட்டி போட்டு வேகமாகப் பெருகும். கொசுப்புழுவைத் தின்பது உண்மைதான். ஆனால் நம் மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை ஆகியவற்றையும் தின்னும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். உலகிலேயே மிகத் தீங்கான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம் பெற்றுள்ளது. வயலில் பூச்சியைத் தின்னும் தவளையை இழந்து கொசுவை ஒழிப்பது லாபமாகாது. குளம், ஏரி, வாய்க்கால்களில் இதை விடக் கூடாது.

இதனால் ஆகாதவை

பொட்டு மீனால் எல்லாம் ஆகிவிடாது. ஆகாயத்தாமரை மூடிய குட்டையில் புழுக்கள் இலைக்கும் வேருக்கும் இடையே ஒளிந்துகொள்ளும்; முதலில் அதை அகற்றினால்தான் மீன் வேலை செய்யும். அழுகிய சாக்கடை நீருக்கு இது ஏற்றதல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றியுள்ள குடம், டயர், தேங்காய் ஓடுகளில் வளர்வது. அவற்றைக் கவிழ்த்துக் காயவைப்பதே வழி. கெண்டைக் குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்திலும் பொட்டு மீன் இருக்கக் கூடாது. அங்கே இது இரைக்குப் போட்டியிடும் களை மீன்.

மீன் பயன் தருகிறதா என்பதை விவசாயி தாமே சோதிக்கலாம். வாரம் ஒருமுறை காலையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தால் வயலோரம் பத்து இடங்களில் மேல்நீரை மொண்டு, துள்ளும் புழுக்களை எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். மீன் உள்ள வயலிலும் இல்லாத வயலிலும் எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஒரே வயலில் மட்டும் இதைச் செய்வதைவிட, ஒரு மடையில் பாயும் விவசாயிகள் அனைவரும் சேர்ந்து செய்தால் ஊருக்கே பலன். கொசு வரப்பு பார்த்துப் பறப்பதில்லை.

கொசுவலையில் உறங்குவது, பன்றிக் கொட்டிலை வீட்டிலிருந்து தள்ளி அமைப்பது, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்படும் மாவட்டங்களில் குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் தவறாமல் போடுவது ஆகியவை மீனோடு சேர்ந்து நடக்க வேண்டியவை. காய்ச்சலுடன் பிதற்றலோ வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மீன் வகையை அடையாளம் காண மீன்வளத் துறை அலுவலகத்தையும், ஒதுங்கு குழி, பயிர்ப் பாதுகாப்பு பற்றிய விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் விவசாயிகள் அணுகலாம். அடுத்த நடவுக்கு வரப்பு அணைக்கும்போதே குழியையும் எடுத்துவிடுவது கூலிச் செலவைக் குறைக்கும்.